டயாலிசிஸ் கட்டிலில் படுத்து வேற்றுக்கிரகம் தேடுவது

வேற்றுக்கிரகத்தில் உயிர் உண்டா என்று தேடுகிறவர்கள் யாரும் உயிரை நேரே பார்க்கப் போவதில்லை. தூரம் அப்படி. உயிர் வெளியே தள்ளிய கழிவு எங்கேயாவது கண்ணில் படுகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். இந்த விஷயம் என் மண்டையில் ஏறியது, என் இரண்டு சிறுநீரகங்களும் கழிவைத் தள்ளும் வேலையை நிறுத்திய பிறகுதான்.

டயாலிசிஸ் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம். வாணியம்பாடிப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை எனக்கு. கடை இப்போதும் இருக்கிறது. கனமான வேலையைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். விண்வெளி மேல் அதுவரை எனக்கு இருந்த ஆர்வம், பேப்பரில் ராக்கெட் படம் வந்தால் பார்ப்பதோடு சரி. ஆனால் நான்கு மணி நேரம் ஒரு கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டுமென்றால் மனசு எங்கேயாவது போயாக வேண்டும். பக்கத்துக் கட்டில்காரர் சீரியல் பார்த்தார். எனக்கு வியாழனின் நிலவுகள் அமைந்தன.

நோயைப் பற்றிக் கற்றதையும் வானத்தைப் பற்றிப் படித்ததையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல எனக்கு வராது. இரண்டும் ஒரே கட்டிலில்தான் வந்தன, கலந்தே சொல்கிறேன். இதில் வரும் அளவுகள் என் உடம்புக்கு என் டாக்டர் சொன்னவை. உங்கள் அளவை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் நோயை முதலில் கண்டுபிடித்தது என் மனைவி. "என்னங்க, உங்க வாயில யூரியா வாடை வருது" என்றாள். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். ஈரம் பட்ட யூரியா மூட்டையின் வாடை அவளுக்கு நன்றாகத் தெரியும். ரத்தத்தில் தேங்கிய யூரியா எச்சிலில் கலக்க, வாயில் உள்ள பாக்டீரியா அதை அம்மோனியாவாக மாற்றுகிறது. அந்த வாடைதான். அப்புறம்தான் ரத்தப் பரிசோதனை எல்லாம். சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவான கிரியாட்டினின் எகிறியிருந்தது, ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கித் தெரிந்தன. காரணம், பல வருடமாக ஓர் அறிகுறியும் காட்டாமல் இருந்த ரத்தக் கொதிப்பு. முப்பது வயது தாண்டியவர்கள் வருடத்துக்கு ஒரு முறை பிரஷர் பார்த்து, சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஒரு டெஸ்ட் கொடுத்துவிடுங்கள். பெரிய செலவே இல்லை.

மூச்சை வைத்து உள்ளே நடப்பதைச் சொன்னாளே, வானியல்காரர்கள் கிரகங்களிடம் செய்வதும் அதுதான். செவ்வாயில் உயிரைத் தேட என்ன கருவி அனுப்பலாம் என்று 1960களில் நாசா யோசித்தபோது, ஜேம்ஸ் லவ்லாக் என்ற ஆங்கிலேயர், கிரகத்தின் காற்றைப் பார்த்தாலே போதும் என்றார். ஆக்சிஜனும் மீத்தேனும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டும் வாயுக்கள். இரண்டும் ஒரே காற்றில் நிறைய இருந்தால், யாரோ விடாமல் இரண்டையும் நிரப்பிக்கொண்டே இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதைப் பூமியிலேயே சோதித்தும் பார்த்தார்கள். வியாழனுக்குக் கிளம்பிய கலிலியோ விண்கலம் 1990 டிசம்பரில் பூமியைக் கடந்து போனது. வானியலாளர் கார்ல் சேகனும் அவருடைய குழுவும், இந்தக் கிரகத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள் மாதிரி, விண்கலத்தின் கருவிகள் என்ன காட்டுகின்றன என்று பார்த்தார்கள். எக்கச்சக்க ஆக்சிஜன், அதோடு இருக்கவே கூடாத அளவு மீத்தேன், நிலப்பரப்பில் சிவப்பு ஒளியை விழுங்கும் ஏதோ ஒரு நிறமி, இயற்கையில் வராத மாதிரியான ரேடியோ அலைகள். 1993இல் கட்டுரையாக எழுதினார்கள். பூமியில் உயிர் இருக்கிறது என்பதற்கு நம் வீடுகளோ ரோடுகளோ சாட்சியாகவில்லை, முக்கிய சாட்சி காற்றுதான். அந்த ஆக்சிஜனும் ஒரு கழிவு. சுமார் 240 கோடி வருடத்துக்கு முன்னால் நுண்ணுயிர்கள் வேண்டாமென்று தள்ளியது காற்றில் சேரத் தொடங்கி, இன்றைக்கு நமக்கு மூச்சாகியிருக்கிறது.

எங்கள் யூனிட்டில் வயதான ஓர் அம்மா வருவார். ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் ஆயா. ஒரு நாள் நான் கைபேசியில் வியாழனின் நிலவான யூரோப்பாவின் படத்தைக் காட்ட, அவர் கேட்டார்: "ஏன்பா, அங்க ஆளுங்க இருந்தா அவங்களுக்கும் கிட்னி இருக்குமா?"

டெக்னீஷியன் தம்பி சிரித்துவிட்டார். எனக்கு அது உருப்படியான கேள்வியாகத்தான் பட்டது. பூமியில் உள்ள உயிர்களில் பெரும்பாலானவற்றுக்குக் கிட்னி கிடையாது. பாக்டீரியா ஒற்றை செல்; சுற்றிலும் தண்ணீர்; வேண்டாததைத் தன் சவ்வு வழியாகவே வெளியே விட்டுவிடும். உடம்பு பெரிதாகி, உள்ளே இருக்கும் செல்லுக்கும் வெளித் தண்ணீருக்கும் தொடர்பு அற்றுப்போனால்தான் சிறுநீரகம் மாதிரி ஓர் உறுப்பு தேவைப்படுகிறது. என் தலைமாட்டில் தொங்கும் டயாலைசரிலும் சிறுநீரகம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பிளாஸ்டிக் குழாய்க்குள் தலைமுடி மாதிரி மெல்லிய, உள்ளே துளை உள்ள பத்தாயிரம் இழைகள். இழைக்குள் ரத்தம் போகும், வெளியே உப்புத் தண்ணீர் எதிர்ப்பக்கமாக வரும், நடுவில் சவ்வு. யூரியா சவ்வைத் தாண்டிப் போய்விடும், ரத்த அணுக்கள் தாண்டாது.

"கிட்னி இல்லாமகூட இருக்கலாம் ஆயா. உள்ளே எது, வெளியே எதுன்னு பிரிக்கிற தோல் ஒண்ணு இல்லாம முடியாதுன்னு நெனைக்கிறேன்" என்றேன்.

"அப்போ மெஷினும் வேணாம். குடுத்து வெச்சவங்க" என்றார் ஆயா.

கழிவைப் பார்த்தால் உயிர் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. இதற்கு யூரியாவே சாட்சி. உயிருள்ள உடம்பில்தான் யூரியா உண்டாகும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1828இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரெடரிக் வோலர் அதை வெறும் ரசாயனத்திலிருந்து தயாரித்துவிட்டார். மனிதனுடையதோ நாயினுடையதோ, எந்தச் சிறுநீரகமும் இல்லாமல் தன்னால் யூரியா தயாரிக்க முடிகிறது என்று அவர் தன் ஆசான் பெர்சீலியஸுக்குக் கடிதம் எழுதினார். எங்கள் யூனிட்டில் யாரிடம் சொன்னாலும் சிரிக்கிற வரலாறு இது.

2025 ஏப்ரலில் வாட்ஸ்அப் முழுக்க ஒரு செய்தி சுற்றியது நினைவிருக்கும்: 124 ஒளியாண்டு தூரத்தில் உள்ள கே2-18பி என்ற கிரகத்தில் உயிர் கண்டுபிடிப்பு என்று. கேம்பிரிட்ஜில் உள்ள நிக்கு மதுசூதன் குழு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வழியாக அந்தக் கிரகத்தின் காற்றில் டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயுவுக்கான அடையாளம் தெரிவதாகச் சொன்னது. பூமியில் அந்த வாயு பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்களிடமிருந்து வருகிறது. ஆனால் அந்த அளவீடு வெறும் தற்செயலாக வந்திருக்கவும் ஆயிரத்தில் மூன்று பங்கு வாய்ப்பு இருந்தது. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க விஞ்ஞானிகள் கேட்பது, பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பை. அதே தரவை வேறு குழுக்கள் அலசிவிட்டு, அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றன. போதாததற்கு, உயிரே இல்லாத 67பி என்ற வால்நட்சத்திரத்திலும் இதே வாயு இருந்திருக்கிறது. மதுசூதன் குழுவும் உயிர் கிடைத்துவிட்டது என்று அடித்துச் சொல்லவில்லை. அதைச் சொன்னது வாட்ஸ்அப்.

இதில் நான் பிடித்துக்கொண்டது மூன்று கேள்விகளை. எதை அளந்தார்கள்? வேறு யாராவது அளந்து அதே விடை வந்ததா? இதே விடை வேறு காரணத்தாலும் வருமா? இவற்றை இப்போது நான் அதிகம் பயன்படுத்துவது "பதினைந்தே நாளில் கிரியாட்டினின் குறையும்" என்று வரும் பச்சிலைச் சாறு வீடியோக்களுக்குத்தான். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. சரியாகச் சாப்பிடாமல் தசை கரைந்தாலும் அந்த எண் குறையும், அதைப் பார்த்து நோய் குணமாகிறது என்று நினைத்து டயாலிசிஸை விட்டவர்கள் உண்டு. நுரையீரலில் நீர் கோத்து அவர்கள் திரும்பி வருவதைப் பார்க்கச் சகிக்காது. உலோகம் கலந்த சில மருந்துகளும், கடையில் நாமே வாங்கிப் போடும் வலி மாத்திரைகளும் மிச்சம் இருக்கிற சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். எதைப் போடுவதாக இருந்தாலும் டாக்டரிடம் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள். திட்டுவார்; பரவாயில்லை.

அதே 2025இல் 3ஐ அட்லஸ் என்ற வால்நட்சத்திரம் வந்தபோது, அது வேற்றுக்கிரகக் கப்பலா என்று டெக்னீஷியன் தம்பி கேட்டார். சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்ததில் நமக்குத் தெரிந்த மூன்றாவது விருந்தாளி அது. வால்நட்சத்திரம் செய்வதையெல்லாம் அதுவும் செய்தது. மேற்கண்ட மூன்று கேள்வியையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

இனி தண்ணீர். டயாலிசிஸ்காரர்களின் பாதி வாழ்க்கை இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எனக்கு அனுமதி, ஒரு நாளில் எவ்வளவு சிறுநீர் போகிறதோ அதோடு அரை லிட்டர். காபி, மோர், ரசம், மாத்திரைக்குக் குடிக்கும் தண்ணீர் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். காலையில் அன்றைய பங்கு முழுவதையும் ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுவேன். ஒரு டம்ளர் காபி குடித்தால் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட வேண்டும். சாயங்காலம் பாட்டிலைப் பார்த்தாலே மிச்சம் தெரியும், மனக்கணக்கு வேண்டாம். மாத்திரைகளைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கப் பழகினால் அதற்கென்று தனித் தண்ணீர் வேண்டாம். நாக்கு வறண்டால் வாய் கொப்பளித்துத் துப்பலாம், ஒரு ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொள்ளலாம், எலுமிச்சைத் துண்டை முகர்ந்தாலே கொஞ்சம் உமிழ்நீர் ஊறும்.

ஆனால் இதெல்லாம் இரண்டாம் பட்சம். தாகத்தை உண்டாக்குவது உப்பு. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரை அடக்குகிறேன் என்பவர்களை நான் நம்ப மாட்டேன், யாராலும் முடியாது. உப்பைக் குறைத்த இரண்டு வாரத்தில் தாகம் தானாகக் குறைந்ததை நானே பார்த்தேன். கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். சோடியத்துக்குப் பதில் அதில் பொட்டாசியம் இருக்கும், நமக்கு அது இதயத்தையே நிறுத்திவிடும்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதனால் எடைக் கருவிதான் நம் கணக்குப்பிள்ளை. தண்ணீர் தேங்காத நிலையில் உள்ள எடையை ட்ரை வெயிட் என்பார்கள். என்னை மாதிரி 60 கிலோ ஆளுக்கு இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் இரண்டு, இரண்டரை கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது. ஏறினால் நான்கே மணி நேரத்தில் அதை இழுத்தாக வேண்டும். பிரஷர் விழும், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு உயிர் போகும். பிடிப்பு வருகிற மாதிரி இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டிருக்காமல் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள், இழுக்கும் வேகத்தைக் குறைப்பார்கள். வாரத்தில் ஒரு முறை வரும் இரண்டு நாள் இடைவெளிதான் ஆபத்தானது. எங்கள் ஊரில் கல்யாணமும் அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் வந்து விழும்.

இப்படி மில்லி கணக்குப் பார்க்கிறவன் படுத்திருக்கும்போது, சவ்வின் மறுபக்கம் ஓடிப்போகும் தண்ணீர் எவ்வளவு தெரியுமா? நிமிடத்துக்கு அரை லிட்டர்; நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர். ஆர்.ஓ.வில் சுத்தம் செய்த தண்ணீரோடு பார்ட் ஏ, பார்ட் பி என்று இரண்டு கேன்களிலிருந்து உப்புக் கரைசலை மெஷினே கலந்துகொள்கிறது. கலவை சரியா என்று அதற்கு எப்படித் தெரியும்? தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடத்துகிறது என்று அளக்கிறது. உப்பு கூடினால் கடத்தல் கூடும், குறைந்தால் குறையும். அளவு மாறினால் அலறும். மெஷின் திரையில் அந்த எண் பதினான்கை ஒட்டி நிற்கும். காயில் கட்டுகிறவன் கண்ணுக்கு முதல் நாளே பட்ட எண் அதுதான்.

யூரோப்பாவில் கடல் இருப்பதையும் இதே வழியில்தான் பிடித்தார்கள் என்று படித்தபோது எழுந்து உட்காராத குறை. ஊசி கையில் இருந்ததால் உட்காரவில்லை. யூரோப்பா நம் நிலாவைவிடக் கொஞ்சம் சிறியது, மேலே முழுக்கப் பனிக்கட்டி. வியாழனின் காந்தப்புலம் வியாழனோடு சேர்ந்து சுற்றுவதால், யூரோப்பா இருக்கும் இடத்தில் அது மாறிக்கொண்டே இருக்கும். மாறும் காந்தப்புலத்தில் கடத்தி ஒன்றை வைத்தால் அதில் மின்னோட்டம் பிறக்கும், அந்த மின்னோட்டம் தானும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். என் கடையில் ஒவ்வொரு இண்டக்ஷன் மோட்டாரும் ஓடுவது இதே விதியில். யூரோப்பாவைக் கடந்த கலிலியோவின் காந்தமானி அந்த இரண்டாவது புலத்தைக் கண்டது. பனிக்கட்டி அப்படிக் கடத்தாது. பனிக்கு அடியில் உப்புத் தண்ணீர் இருந்தால் எல்லாம் சரியாகப் பொருந்துகிறது. பூமியின் கடல்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் வருவதைப் போல் இரண்டு மடங்கு தண்ணீர் அங்கே இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். யாரும் பார்க்காத கடல். உப்பு காட்டிக்கொடுத்தது.

தண்ணீர் மட்டும் இருந்தால் போதாது, பாஸ்பரஸ் வேண்டும். டி.என்.ஏ.வின் முதுகெலும்பே பாஸ்பேட்தான். சனியின் நிலவான என்செலடஸ் குறுக்களவில் 500 கிலோமீட்டர்தான். அதன் தென்துருவத்து விரிசல்களிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிப்பதை 2005இல் கசினி விண்கலம் கண்டது. அந்தப் பனித்துகள்களில் பாஸ்பேட் இருப்பதை, கசினி அழிந்து பல வருடம் கழித்து, 2023இல் அதன் பழைய தரவிலிருந்து எடுத்தார்கள். நம் கடலில் உள்ளதைவிடக் குறைந்தது நூறு மடங்கு அடர்த்தி. உலகமே கொண்டாடிய செய்தி. எனக்கோ அந்த வாரம்தான் ரிப்போர்ட்டில் பாஸ்பரஸ் கூடி, தோல் அரித்து, டயட்டீஷியனிடம் பாட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

பாஸ்பரஸை டயாலிசிஸ் முழுதாக எடுக்காது. அதனால்தான் சாப்பாட்டோடு சேர்த்துப் போடும் பைண்டர் மாத்திரை. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து நினைவு வந்து போடுவது வீண். குடலில் சாப்பாடும் மாத்திரையும் ஒரே நேரத்தில் இருந்தால்தான் பாஸ்பேட்டைப் பிடித்து வெளியே தள்ளும். முதல் கவளத்துக்கு முன்னால் தட்டு ஓரத்தில் மாத்திரையை எடுத்து வைத்துவிடுங்கள். கறுப்பு கோலா பானங்களையும் பாக்கெட்டில் வரும் பதப்படுத்திய இறைச்சியையும் விட்டுவிடுங்கள், அவற்றில் சேர்க்கும் பாஸ்பேட் கிட்டத்தட்ட முழுதாக உடம்பில் ஏறிவிடும்.

பொட்டாசியத்துக்கு ஒரே பத்திதான். இளநீர் கூடாது. வாழைப்பழமும் உருளையும் தக்காளியும் அளவோடு. காய்கறியைச் சின்னதாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும். நட்சத்திரப் பழம் என்று ஐந்து முனையோடு விற்கும் புளிப்புப் பழத்தைத் தொடவே தொடாதீர்கள். சிறுநீரக நோயாளிக்கு அது மூளையைத் தாக்கும் விஷம்.

1960 என்ற வருடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதுவரை டயாலிசிஸ் செய்யும்போதெல்லாம் ஒரு ரத்தக் குழாயைப் பலி கொடுக்க வேண்டியிருந்ததால், யாரையும் வருடக்கணக்கில் காப்பாற்ற முடியவில்லை. அந்த மார்ச் மாதம் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற டாக்டர், கையில் நிரந்தரமாக இருக்கும்படி ஒரு டெஃப்லான் குழாயைப் பொருத்தினார். முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ், போயிங் கம்பெனியில் மெஷினிஸ்ட், நம்ம ஜாதி. அதற்கப்புறம் பதினொரு வருடம் வாழ்ந்தார். அடுத்த மாதமே, ஏப்ரலில், அதே அமெரிக்காவின் இன்னொரு மூலையில், கிரீன் பேங்கில் ஃபிராங்க் டிரேக் என்ற வானியலாளர் ரேடியோ தொலைநோக்கியை டௌ செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரண்டு நட்சத்திரங்களின் பக்கம் திருப்பி, யாராவது பேசுகிறார்களா என்று காது கொடுத்தார். வேற்றுக்கிரக அறிவுயிர்களைத் தேடும் முதல் முறையான முயற்சி அது. ஒன்றும் கேட்கவில்லை. என் நோயோடு வாழ முடியும் என்பதும், என் பொழுதுபோக்கும் ஒரு மாத இடைவெளியில் பிறந்தவை. மெஷின்கள் குறைவாக இருந்த அந்தக் காலத்தில், யாருக்கு டயாலிசிஸ் கிடைக்கும் என்று முடிவு செய்ய சியாட்டிலில் ஏழு பேர் கொண்ட ஒரு குழுவே உட்கார்ந்தது. மோட்டார் கடைக்காரனான என்னை அந்தக் குழு எந்தப் பட்டியலில் வைத்திருக்குமோ! இன்றைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையைக் காட்டிவிட்டுப் படுக்கிறேன். அட்டை இன்னும் எடுக்காதவர்கள் முதலில் அதை எடுங்கள்.

கட்டிலில் கழியும் நேரத்தைப் பற்றி. கனமான விஷயத்தைப் படிப்பதாக இருந்தால் முதல் இரண்டு மணி நேரத்தில் படித்துவிட வேண்டும். அப்புறம் பிரஷர் இறங்கி மண்டை மந்தமாகிவிடும், கண்ணை மூடிக் கேட்கிற மாதிரி ஏதாவது வைத்துக்கொள்ளலாம். யூனிட்டில் நெட் வராது என்றே நினைத்து வீட்டிலேயே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். ஒற்றைக் கையில் கைபேசி பிடித்தால் தோள் வலிக்கும். ஐம்பது ரூபாய் ஸ்டாண்டு போதும். ஏ.சி. குளிருக்குப் போர்வையும் சாக்ஸும்.

ஃபிஸ்துலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த இடம், உள்ள கைதான் நம் உயிர்க்கயிறு. காலையிலும் படுக்கப்போகும்போதும் அதன் மேல் விரல் வைத்தால் மோட்டார் ஓடுவதுபோல் அதிர்வு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், சில மணி நேரத்துக்குள் போனால் அடைப்பை எடுக்க வாய்ப்புண்டு. அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ஊசி போடவோ யாரையும் விடக் கூடாது. வாட்ச் கூடாது, பை தூக்கக் கூடாது, தலைக்கு அணை கொடுத்துத் தூங்கக் கூடாது.

பைனாகுலர் தூக்கலாமா என்று டாக்டரைக் கேட்டேன். தூக்கலாம், ஆனால் ரொம்ப நேரம் வேண்டாம் என்றார். மொட்டை மாடியில் சாய்வு நாற்காலி போட்டுச் சாய்ந்துகொண்டு, 10x50 பைனாகுலரைக் கன்னத்தில் ஊன்றிப் பிடித்தால் கை நடுங்காது. வியாழனுக்கு இரண்டு பக்கமும் பொட்டுப் பொட்டாக நிலவுகள் தெரியும். அதில் ஒன்று யூரோப்பா. எது என்று சொல்ல இலவச ஆப்கள் இருக்கின்றன. டயாலிசிஸ் அன்று இரவு மாடி ஏறாதீர்கள், தலை சுற்றும். மறுநாள் இரவுதான் நம்முடையது.

யூரோப்பாவை ஆராயப் போகும் நாசாவின் யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2024 அக்டோபரில் கிளம்பிவிட்டது, 2030 ஏப்ரலில் வியாழனை அடையும். நான் உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலில் பதிந்து காத்திருக்கிறேன். மனைவியின் ரத்த வகை பொருந்தவில்லை. பட்டியலில் பெயர் இருப்பது வேறு, கூப்பிட்டால் போகத் தயாராக இருப்பது வேறு. எக்கோ, பல், தொற்றுப் பரிசோதனைகளை டாக்டர் சொன்ன இடைவெளியில் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கைபேசியைச் சைலண்டில் போடக் கூடாது. இரண்டாவது எண்ணாக வீட்டில் இன்னொருவர் எண்ணையும் கொடுத்து வையுங்கள்.

எங்கள் பக்கத்து ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. வியாழனின் இன்னொரு நிலவான கானிமீடு, 1972 ஜூன் 7 அன்று ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, காவலூரிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் அதைப் பார்த்து, கானிமீடைச் சுற்றிக் காற்று இருப்பதற்கான தடயம் கிடைத்ததாக எழுதினார்கள். ஐரோப்பாவின் ஜூஸ் விண்கலம் 2034இல் சுற்றிவரப் போவது அதே கானிமீடைத்தான். அதுவும் பனிக்கடியில் கடல் உள்ள நிலவு. நான் ஒரு தடவை போய் வந்தேன். மழைக்காலத்தில் போனால் மேகத்தைத்தான் பார்க்கலாம், ஜனவரி பிப்ரவரி நல்லது. பார்வையாளரை விடும் நாளை முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு, டயாலிசிஸுக்கு மறுநாளாகப் பார்த்துப் போக வேண்டும். மலை ரோட்டில் வளைவு அதிகம். குமட்டலுக்கு மாத்திரையும், அளந்த தண்ணீர் பாட்டிலும், பழைய டயாலிசிஸ் சீட்டின் நகலும் பையில் இருக்கட்டும். அடுத்த தடவைக்கு டெக்னீஷியன் தம்பியும் ஆயாவின் பேரனும் வருகிறார்களாம். வண்டிக்கு இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் ஆளுக்கு ஆகும் செலவு குறையும்.